ஐந்நூறு மணி நேரம் யாரிடம் படிக்கப் போகிறீர்கள்?

போன இதழில் என் வேலையைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அதன் பிறகு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் மசாஜ் படிப்பைப் பற்றித்தான். அதனால் இந்த மாதம் முழுக்க அதற்கே ஒதுக்குகிறேன். புதிதாக வாசிப்பவர்களுக்காக: நான் நாகர்கோவில் பக்கம் பிறந்தவள். இருபது வருடமாகக் கலிஃபோர்னியாவில், சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் இருக்கிறேன். மசாஜ் தெரபி என் தொழில். பத்து வருடமாக ஒரு பள்ளியில் உடற்கூறும் கைப்பயிற்சியும் சொல்லிக்கொடுக்கிறேன். அமெரிக்காவில் இந்தத் தொழிலுக்கு ஒரே சட்டம் கிடையாது, ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியாக விதி வைத்திருக்கிறது. நான் விவரமாகச் சொல்வதெல்லாம் கலிஃபோர்னியாவுக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (ஃபிரிமான்ட் வாசகி): அன்புள்ள அக்கா, கணவரின் வேலை விசாவைச் சார்ந்த எச்-4 விசாவில் வந்து ஆறு வருடம் ஆகிறது. இப்போதுதான் வேலை அனுமதி அட்டை கிடைத்தது. மசாஜ் தெரபி படிக்க ஆசை. ஒரு பள்ளியில் 250 மணி நேரத்தில் சான்றிதழ் வாங்கிவிடலாம், வார இறுதியில் வந்தால் போதும் என்கிறார்கள். இன்னொரு பள்ளியில் 500 மணி நேரம், கட்டணமும் இரண்டு மடங்கு. எதில் சேரட்டும்?

தங்கச்சி, 250 மணி நேரம் போதாது.

அந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன். இங்கே மசாஜ் செய்பவர்களுக்குச் சான்றிதழ் தரும் அமைப்பு கலிஃபோர்னியா மசாஜ் தெரபி கவுன்சில். 2009-இல் அது வேலையைத் தொடங்கியபோது இரண்டு படிகள் இருந்தன. 500 மணி நேரம் படித்தவர் தெரபிஸ்ட், 250 மணி நேரம் படித்தவர் பிராக்டிஷனர். 2015 ஜனவரியில் சட்டம் மாறியபோது கீழ்ப்படியில் புதிதாக யாரையும் சேர்ப்பதை நிறுத்திவிட்டார்கள். முன்பே வாங்கியவர்கள் புதுப்பித்துக்கொள்ளலாம், புதியவர்களுக்கு அந்த வழி இல்லை. ஆகவே 250 மணி நேரம் முடித்தால் பள்ளி தன் பெயர் போட்ட ஒரு காகிதத்தைத் தரும், கவுன்சில் எதுவும் தராது. இரண்டையும் 'சான்றிதழ்' என்றே சொல்வதால்தான் நம் பெண்கள் ஏமாந்துபோகிறார்கள். போன வருடம் அப்படி ஒரு பெண் என் வகுப்புக்கு வந்தாள். வேறெங்கோ எட்டு மாதம் சனி ஞாயிறு போய்ப் படித்திருக்கிறாள். முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதாயிற்று. அவள் கட்டிய பணத்தைவிட, சின்னக் குழந்தையை விட்டுவிட்டு வந்த அத்தனை சனிக்கிழமைகள்தான் எனக்கு வலித்தது.

மாநிலச் சட்டப்படி கவுன்சில் சான்றிதழ் கட்டாயம் இல்லை என்று யாராவது உங்களிடம் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் பல நகரங்கள் அது இல்லாமல் தொழில் செய்ய விடாது, வேலை தருபவர்களும் முதலில் அதைத்தான் கேட்பார்கள். அது கையில் இருந்தால் ஒரு நகரம் உங்களைத் தனியாகத் தேர்வு எழுதச் சொல்லவோ, மறுபடி கைரேகை கேட்கவோ முடியாது. நான் இந்தத் தொழிலுக்கு வந்த காலத்தில் ஒவ்வொரு ஊருக்கும் ஒரு பெர்மிட். பத்து மைல் தள்ளிப் போனால் அந்த ஊர் எத்தனை மணி நேரம் கேட்கிறது என்று புதிதாக விசாரிக்க வேண்டும். அந்த அலைச்சல் உங்களுக்கு இல்லை.

சரி, பள்ளிக்கு வருவோம். தனியார் பள்ளி என்றால் இரண்டு இடத்தில் ஒப்புதல் வேண்டும். ஒன்று, நுகர்வோர் விவகாரத் துறையின் கீழே தனியார் தொழிற்பள்ளிகளைக் கண்காணிக்கும் மாநிலப் பணியகம். இன்னொன்று, நான் சொன்ன கவுன்சில். இரண்டும் சாக்ரமென்டோவில் இருக்கின்றன, இரண்டின் இணையதளத்திலும் பள்ளிகளின் பட்டியல் இருக்கிறது. 'ஒப்புதலுக்கு விண்ணப்பித்திருக்கிறோம்' என்பது ஒப்புதல் ஆகாது. கவுன்சில் ஒப்புதலைத் திரும்பப் பெறவும் செய்யும். படிக்காதவர்களுக்கு மணி நேரத்தை விற்ற பள்ளிகள் இருந்ததால்தான் அவர்கள் இவ்வளவு கண்டிப்பு. அதனால் பணம் கட்டுகிற நாளன்று பட்டியலைப் பாருங்கள், பார்த்த பக்கத்தை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சில கம்யூனிட்டி காலேஜ்களிலும் இந்தப் படிப்பு உண்டு. கட்டணம் மிகக் குறைவு. அவை அரசுக் கல்லூரிகள் என்பதால் பணியகத்தின் கீழ் வராது, கவுன்சில் ஒப்புதல் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

500 மணி நேரத்தில் 100 மணி நேரம் எதற்கு என்பதை விதியே பிரித்துச் சொல்லிவிடுகிறது. உடற்கூறும் உடலியங்கியலும் 64, எப்போது மசாஜ் செய்யக் கூடாது என்பதற்கு 13, சுகாதாரத்துக்கு 5, தொழில் நடத்துவதற்கும் தொழில் ஒழுக்கத்துக்கும் 18. மீதி 400 மணி நேரத்தில் என்ன சொல்லித்தருவது என்பது பெரும்பாலும் பள்ளியின் கையில். டெக்சஸ் மாநிலத்தை எடுத்துக்கொள்ளுங்கள், அங்கேயும் 500 தான். ஆனால் 500-ஐயும் சட்டமே பங்கு போட்டுவிட்டது. மசாஜ் முறைகளுக்கு 200, அதில் குறைந்தது 125 ஸ்வீடிஷ் மசாஜ், உடற்கூறு 50, உடலியங்கியல் 25, தசை அசைவியல் 50, நோய்க்குறியியல் 40, நீர் சிகிச்சை 20, சட்டமும் ஒழுக்கமும் 45, சுகாதாரமும் முதலுதவியும் 20, கடைசியில் 50 மணி நேரம் இன்டர்ன்ஷிப். அங்கே மோசமான ஆசிரியர்கூட இந்தப் பட்டியலைத் தாண்ட முடியாது. இங்கே 400 மணி நேரத்துக்கு ஆசிரியர்தான் பட்டியல்.

அதனால், கட்டணம் என்ன என்று கேட்பதற்கு முன்னால் யார் சொல்லித்தருகிறார்கள் என்று கேளுங்கள். இது உங்கள் உரிமை. சேருவதற்கு முன்பே பள்ளி தன் கேட்டலாக்கை உங்களுக்குத் தர வேண்டும், ஆசிரியர்கள் யார், அவர்களின் தகுதி என்ன என்பது அதில் இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அதோடு இன்னொரு தாள் தருவார்கள். எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, சம்பளம் என்ன என்ற விவரம் அதில் இருக்கும். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் இதைக் கொடுத்தாக வேண்டும். பலர் எண்களைப் பார்க்காமலே கையெழுத்துப் போடுகிறார்கள். நீங்கள் வீட்டுக்கு எடுத்துப் போய், காபி போட்டுக்கொண்டு உட்கார்ந்து படியுங்கள்.

அப்புறம் ஒரு நாள் கைப்பயிற்சி வகுப்பில் உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். நல்ல ஆசிரியர் வகுப்பில் ஓரிடத்தில் நிற்க மாட்டார். மேசைக்கு மேசை போவார், மாணவியின் மணிக்கட்டைத் தொட்டுத் திருத்துவார், 'கையால் தள்ளாதே, இடுப்பிலிருந்து சாய்' என்பார். வீடியோவைப் போட்டுவிட்டு செல்போன் பார்க்கிற ஆசிரியர் இருந்தால் வெளியே வந்துவிடுங்கள்.

எச்-4இல் இருக்கும் மற்றவர்களுக்கும் ஒரு வரி: படிப்பதற்கு வேலை அனுமதி தேவையில்லை. சம்பளம் வாங்கத்தான் அது வேண்டும்.

கேள்வி (சான் ரமோன் வாசகி): நான் கோயம்புத்தூரில் பி.பி.டி. படித்து, ஏழு வருடம் ஒரு மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்டாக வேலை பார்த்தேன். இங்கே லைசென்ஸ் எடுக்கவில்லை. பக்கத்தில் இருக்கும் மசாஜ் பள்ளியில் உடற்கூறு வகுப்பு எடுக்க முடியுமா என்று கேட்கிறார்கள். எனக்குத் தகுதி இருக்கிறதா?

இருக்கிறது. தயங்காமல் போங்கள்.

விதி என்ன சொல்கிறது என்றால், பட்டம் தராத தொழிற்பள்ளியில் பாடம் எடுப்பவருக்கு, அவர் எடுக்கும் பாடத்தில் அனுபவம், படிப்பு, பயிற்சி எல்லாம் சேர்ந்து குறைந்தது மூன்று வருடம் இருக்க வேண்டும். நாலரை வருடப் படிப்பும் ஏழு வருட வேலையும் உங்களிடம் இருக்கின்றன. பட்டச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், மருத்துவமனையின் அனுபவக் கடிதம் மூன்றையும் பள்ளிக்குக் கொடுங்கள். உங்கள் பெயரில் ஒரு கோப்பு திறந்து அதில் வைப்பார்கள். பணியகத்திலிருந்து ஆய்வுக்கு வருபவர்கள் அந்தக் கோப்பைத்தான் கேட்பார்கள்.

கவனிக்க வேண்டியது இரண்டு. நீங்கள் இங்கே லைசென்ஸ் எடுக்காததால் வகுப்பிலோ விளம்பரத்திலோ உங்களை பிசியோதெரபிஸ்ட் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது. அது இங்கே காக்கப்பட்ட பட்டம். பள்ளி ஆர்வத்தில் அப்படிப் போட்டாலும் நீங்கள்தான் எடுக்கச் சொல்ல வேண்டும். இரண்டாவது, உடற்கூறு எடுக்கத் தகுதி இருப்பதாலேயே மசாஜ் கைப்பயிற்சி எடுக்கத் தகுதி வந்துவிடாது. மூன்று வருடம் என்பது அந்தந்தப் பாடத்துக்கு. ஆள் வராத நாளில் 'நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்' என்று உங்களைக் கைப்பயிற்சி வகுப்புக்கு அனுப்பினால் முடியாது என்று சொல்லுங்கள்.

இந்த இடத்தில் மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். மாணவியின் மணி நேரத்தை நிமிடம் வரை எண்ணுகிற சட்டம், ஆசிரியர் விஷயத்தில் இன்னும் கண்டிப்பாக இருந்திருக்கலாம். மூன்று வருடம் இல்லாவிட்டால், அதற்குச் சமமான தகுதி என்ன இருக்கிறது என்று பள்ளி எழுதி வைத்தால் போதும் என்று ஒரு வாசல் திறந்திருக்கிறது. சின்ன ஊரில் நல்ல ஆள் கிடைக்காதபோது அது உதவும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் போன வருடம் முடித்த மாணவியையே இந்த வருடம் குறைந்த கூலிக்கு ஆசிரியையாக நிறுத்துவதற்கும் அந்த வாசல்தான் பயன்படுகிறது. நானே பார்த்திருக்கிறேன். அந்தப் பெண் பாவம், அவளுக்கே கை இன்னும் நிலைப்படவில்லை. முன்னால் இருக்கிற பன்னிரண்டு பேருக்கு அவள் எதைத் திருத்துவாள்?

ஆசிரியர் தன் அறிவைப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றும் விதி உண்டு. பாடத்தில் மேற்படிப்பு, கற்பிக்கும் முறை பற்றிய வகுப்பு, பள்ளிக்குள்ளேயே பயிற்சி, இப்படி ஏதாவது ஒன்று. நீங்கள் முதல் வருடத்திலேயே கற்பிக்கும் முறை பற்றி ஒரு வகுப்பு எடுத்துக்கொள்ளுங்கள். நமக்குத் தெரிவது வேறு, சொல்லித்தருவது வேறு. நான் முதன்முதலில் வகுப்பெடுத்தபோது முழங்கால் மூட்டைப் பற்றி ஐம்பது நிமிடம் பேசினேன். கடைசியில் ஒரு மாணவி 'அது எங்கே இருக்கிறது என்று என் காலில் தொட்டுக் காட்டுங்கள்' என்றாள். அன்றிலிருந்து முதலில் தொட்டுக் காட்டிவிட்டுத்தான் பெயர் சொல்கிறேன்.

கேள்வி (மதுரை வாசகர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்): அம்மா, என் மருமகள் சான் ஹோசேயில் இருக்கிறாள். எம்.எஸ்சி. தாவரவியல் படித்தவள். மசாஜ் பள்ளியில் சேரப் போவதாக மகன் சொல்கிறான். எனக்கும் என் மனைவிக்கும் இரண்டு நாளாகத் தூக்கமில்லை. நாங்கள் பழைய காலத்து மனிதர்கள். இது குடும்பப் பெண்களுக்கு ஏற்ற வேலைதானா என்று உண்மையைச் சொல்லுங்கள்.

வணக்கம் ஐயா. மறைக்காமல் எழுதியதற்கு நன்றி. என் அப்பாவும் இதே கேள்வியை வேறு வார்த்தையில் கேட்டார், அதனால் உங்கள் மீது எனக்குத் துளிக்கூட வருத்தமில்லை.

உங்கள் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. மசாஜ் என்று பலகை மாட்டிவிட்டு வேறு தொழில் நடத்துகிற இடங்கள் இங்கேயும் உண்டு. அங்கே மாட்டிக்கொண்ட பெண்களில் பலர் கடத்தி வரப்பட்டவர்கள், கடனில் கட்டிப்போடப்பட்டவர்கள். அந்த மாதிரி இடங்களுக்குப் போலிச் சான்றிதழ் தேவைப்பட்டது, அதை விற்கப் பள்ளிகளும் முளைத்தன. கலிஃபோர்னியா பள்ளிகளை இவ்வளவு கெடுபிடியாகப் பார்ப்பதற்கு அதுவும் ஒரு காரணம். சான்றிதழ் கேட்பவர் பதினெட்டு வயது ஆனவராக இருக்க வேண்டும், கைரேகை கொடுக்க வேண்டும், அதை வைத்துப் பின்னணி விசாரணை நடக்கும். பள்ளியிலிருந்து வருகிற டிரான்ஸ்கிரிப்டில், அதாவது படித்த பாடமும் மணி நேரமும் எழுதிய தாளில், சந்தேகம் வந்தால் எங்கே படித்தாய், யார் சொல்லித்தந்தார், என்ன படித்தாய் என்று விண்ணப்பித்தவரையே கேட்பார்கள். சான்றிதழை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். உங்கள் மருமகள் நல்ல பள்ளியில் படித்து இந்த வழியில் போனால் அவளுக்கும் அந்த இடங்களுக்கும் எந்தச் சம்பந்தமும் இருக்காது.

வகுப்பில் என்ன நடக்கும் என்று சொன்னால் உங்களுக்குத் தூக்கம் வரும் என்று நினைக்கிறேன். முதல் வாரமே போர்வை போர்த்தக் கற்றுக்கொடுப்போம். எந்த இடத்தில் வேலை செய்கிறோமோ அந்த இடம் மட்டும் திறந்திருக்கும், மற்ற உடம்பு முழுக்க மூடியிருக்கும். அதைச் சரியாகச் செய்யாதவரை எண்ணெய்ப் புட்டியைத் தொடவே நான் விடுவதில்லை. தொழில் ஒழுக்க வகுப்பில், வாடிக்கையாளர் தவறாகப் பேசினால் என்ன சொல்லி எழுந்து வெளியே வர வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்லிப் பழக வைக்கிறோம். கூச்சப்படுகிற பெண்களை மூன்று நாலு முறை சொல்ல வைப்பேன். படிப்பு முடித்து வேலைக்குப் போனபின் அந்த நேரத்தில் வார்த்தை தேடிக்கொண்டிருக்கக் கூடாது.

எப்போது மசாஜ் செய்யக் கூடாது என்ற அந்தப் பதின்மூன்று மணி நேரப் பாடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், அது உங்கள் குடும்பத்துக்கே உதவும். சென்னையிலிருந்து இங்கே வர இருபது மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. வந்து இறங்கிய பெரியவர்கள் 'கால் கனக்கிறது, கொஞ்சம் எண்ணெய் போட்டுத் தேய்த்துவிடு' என்பார்கள். இரண்டு காலும் ஒரே மாதிரி லேசாக வீங்கியிருந்தால் பெரும்பாலும் உட்கார்ந்தே வந்ததால்தான். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, தொட்டால் சூடாக, சிவந்து, அழுத்தினால் வலித்தால் கை வைக்கவே கூடாது. உள்ளே ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்திருக்கலாம். தேய்த்தால் அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போய் உயிருக்கே ஆபத்தாகும். உடனே மருத்துவரிடம் போக வேண்டும். என் பழைய மாணவி ஒருத்தி தன் மாமியாருக்கு அப்படித்தான் கண்டுபிடித்தாள். விமானத்திலிருந்து இறங்கி இரண்டாம் நாள். தேய்க்காமல் எமர்ஜென்சிக்கு அழைத்துப் போனாள். அந்த அம்மா இப்போது நன்றாக இருக்கிறார், போன பொங்கலுக்குக்கூட என்னிடம் போனில் பேசினார்.

எம்.எஸ்சி. படித்த பெண் இதைப் படிப்பது வீண் இல்லை ஐயா. தசைப் பெயர்கள் லத்தீனில் இருக்கும், தாவரவியல் படித்தவளுக்கு அது பழகிய மொழி. அவளோடு பேசும்போது எந்தப் பள்ளி, ஆசிரியர் யார் என்று மட்டும் கேளுங்கள். தலைமையாசிரியராக இருந்தவர் நீங்கள், எது நல்ல பள்ளி என்று உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கேள்வி (மில்பிடாஸ் வாசகர்): என் மனைவி சேர்ந்த மசாஜ் பள்ளி பாதியில் மூடிவிட்டது. 310 மணி நேரம் முடித்திருந்தாள். முழுப் பணமும் முன்கூட்டியே கட்டியாகிவிட்டது. போனை எடுக்க மாட்டேன் என்கிறார்கள். என்ன செய்வது?

முதலில் டிரான்ஸ்கிரிப்ட். பணம் அப்புறம். எத்தனை மணி நேரம், எந்தெந்தப் பாடம் என்று எழுதியிருக்கும் அந்தத் தாள் இல்லாவிட்டால் 310 மணி நேரமும் காற்றில் போய்விடும். மூடிய பள்ளியின் ஆவணங்கள் யாரிடம் இருக்கின்றன என்று நான் முன்பு சொன்ன மாநிலப் பணியகத்தில் கேளுங்கள். வருகைப் பதிவின் நகல், ஆசிரியர் கையெழுத்துப் போட்ட தாள்கள், கட்டண ரசீது என்று வீட்டில் என்ன இருக்கிறதோ எல்லாவற்றையும் ஒரே உறையில் போடுங்கள்.

பணத்துக்கு ஒரு வழி இருக்கிறது. மாணவர் கல்விக் கட்டண மீட்பு நிதி என்று மாநிலத்திலேயே ஒரு நிதி வைத்திருக்கிறார்கள். படித்துக்கொண்டிருக்கும்போது பள்ளி மூடினாலும், மூடுவதற்கு முந்தைய 120 நாளுக்குள் படித்துக்கொண்டிருந்தாலும் கேட்கலாம். நான்கு வருடத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். சோஷியல் செக்யூரிட்டி எண்ணோ வரி செலுத்துவோர் எண்ணோ ஏதாவது ஒன்று இல்லாமல் பணம் தர மாட்டார்கள். அதனால் எச்-4இல் இருப்பவர்கள் வரி எண்ணை எங்கே வைத்தோம் என்று தேடி எடுத்து வையுங்கள். பள்ளி ஒப்புதல் பெற்ற பள்ளியாக இருந்திருக்க வேண்டும் என்பது முக்கியம். ஒப்புதல் இல்லாமல் நடந்த பள்ளி என்றால் இந்தக் கதவு திறப்பது கடினம்.

இனி சேரப் போகிறவர்களுக்கு: முதல் வகுப்பு முடியும் வரை, அல்லது சேர்ந்த ஏழாவது நாள் வரை, இதில் எது பிந்தியதோ அதுவரை மனம் மாறினால் எழுதிக் கொடுத்துவிட்டுப் பணத்தைத் திரும்ப வாங்கலாம். விண்ணப்பக் கட்டணமாக அதிகம் போனால் 250 டாலர் பிடித்துக்கொள்வார்கள். பிறகும், படிப்பில் 60 சதவீதத்துக்கு மேல் போகாதவரை நடந்த வகுப்புக்கு மட்டும் கணக்குப் பார்த்து மீதியைத் தர வேண்டும். உங்கள் மனைவி 62 சதவீதம் முடித்துவிட்டார், ஆனால் அவராக நிற்கவில்லை, பள்ளிதான் மூடியது. ஆகவே அந்த 60 சதவீதக் கணக்கைச் சொல்லி யாராவது பயமுறுத்தினால் நம்பாதீர்கள்.

இன்னொன்றும் நம்மவர்கள் பலருக்குத் தெரியாது. ஆங்கிலத்தில் ஒப்பந்தம் புரியவில்லை என்றால் அதன் நிபந்தனைகளையும் பணம் திரும்பத் தரும் விதியையும் தாய்மொழியில் தெளிவாக விளக்கச் சொல்லிக் கேட்க மாணவருக்கு உரிமை இருக்கிறது. தமிழில் பேசிச் சேர்த்துக்கொண்டால், ஒப்பந்தத்தையும் தமிழிலேயே தர வேண்டும். கோயில் வாசலில் தமிழில் பேசி நம் பெண்களைச் சேர்த்துக்கொண்டு, பதினாறு பக்க ஆங்கிலத் தாளை நீட்டுவது சட்டத்துக்குப் புறம்பு.

கேள்வி (சாக்ரமென்டோ வாசகர்): என் தாத்தா கன்னியாகுமரி மாவட்டத்தில் வர்ம ஆசான். அவரிடம் பதினைந்து வயதிலிருந்து கற்றுக்கொண்டேன். இங்கே ஒரு சின்னப் பள்ளி தொடங்கி வர்மமும் எண்ணெய் தேய்ப்பும் சொல்லித்தர ஆசை. அனுமதி வேண்டுமா?

தம்பி, கடிதத்தைப் பார்த்ததும் ஊர் ஞாபகம் வந்துவிட்டது. எங்கள் தெருவிலும் ஒரு ஆசான் இருந்தார். சுளுக்கு என்று போனால் கையைப் பிடித்தபடி பேச்சுக் கொடுத்துக்கொண்டே எடுத்துவிடுவார். அந்தக் கைகளைப் பார்த்துத்தான் எனக்கு இந்த ஆசையே வந்தது.

இங்கே சட்டம் உங்கள் நோக்கத்தைப் பொறுத்தது. ஒருவரை வேலைக்குத் தயார் செய்கிற பள்ளி என்றால் தொடங்கும் முன்பே பணியகத்தின் ஒப்புதல் வேண்டும். கேட்டலாக், ஆசிரியர் கோப்பு, பணம் திரும்பத் தரும் விதி, ஆவணங்களைப் பாதுகாக்கும் இடம் என்று எல்லாம் கேட்பார்கள். அதற்கு மேல் கவுன்சில் ஒப்புதலும் இருந்தால்தான் உங்கள் மாணவருக்குச் சான்றிதழ் கிடைக்கும். மாறாக, பொழுதுபோக்காகக் கற்றுக்கொள்ள மட்டுமே நடத்தும் வகுப்புக்கு விலக்கு உண்டு. படிப்பின் மொத்தக் கட்டணம் 2,500 டாலருக்குள் இருந்து, அதில் அரசு கல்வி உதவிப் பணம் எதுவும் இல்லாமல், பட்டமும் தராமல் இருந்தாலும் விலக்கு உண்டு. ஆனால் அந்த மணி நேரம் 500-இல் சேராது, அதை முதல் நாளே மாணவரிடம் சொல்லிவிடுங்கள். அதேபோல், தாத்தாவிடம் நீங்கள் கற்ற வருடங்களும் உங்கள் சொந்தச் சான்றிதழுக்கான 500-இல் சேராது. நியாயமில்லை என்று தோன்றும். எனக்கும் தோன்றியது.

என் யோசனை: முதலில் நீங்களே ஒரு நல்ல பள்ளியில் 500 மணி நேரம் படியுங்கள். ஆசான் சொல்லித்தந்ததற்கு மேற்கத்திய உடற்கூறில் என்ன பெயர் என்று அப்போது புரியும். அந்தப் பாலம் இல்லாமல் இங்கத்திய மாணவருக்கு வர்மத்தைச் சொல்லித்தர முடியாது. எலும்பை இழுத்து வைப்பது, கட்டுப் போடுவது, நோய் இன்னது என்று சொல்வது எதுவும் மசாஜ் தெரபிஸ்டின் எல்லைக்குள் வராது. வகுப்பிலும் அதைச் செய்து காட்டக் கூடாது. ஆளைத் தாக்கப் பயன்படும் அடிவர்மத்தைப் பற்றி வாயே திறக்காதீர்கள், உங்கள் தாத்தாவும் எல்லாருக்கும் அதைச் சொல்லியிருக்க மாட்டார்.

கேள்வி (சன்னிவேல் வாசகி): இங்கே 500 மணி நேரம் முடித்துவிட்டேன். கணவருக்கு நியூயார்க்கில் வேலை மாறுகிறது. என் படிப்பு செல்லுமா?

செல்லும், ஆனால் போதாது. நியூயார்க்கில் 1,000 மணி நேரம் கேட்கிறார்கள், தேர்வும் அந்த மாநிலத்தின் சொந்தத் தேர்வு. வேறு மாநிலம் என்றால் பெரும்பாலும் எம்பிளெக்ஸ் என்ற பொதுத் தேர்வு, 100 கேள்வி, 110 நிமிடம். கலிஃபோர்னியாவில் 2019-இலிருந்து சான்றிதழுக்குத் தேர்வு கேட்பதில்லை என்பதால் இங்கே படித்தவர்கள் அதை எழுதாமலே விட்டுவிடுகிறார்கள். பாடம் நினைவில் இருக்கும்போதே எழுதிவிடுங்கள். ஒரு மாநில லைசென்ஸை வைத்து மற்ற மாநிலங்களிலும் வேலை செய்ய, மாநிலங்களுக்கு இடையே ஒரு உடன்படிக்கையும் வருகிறது. 2023-இல் நெவாடா முதலில் சேர்ந்தது. அந்த உடன்படிக்கையின் கீழ் வர 625 மணி நேரம் படித்திருக்க வேண்டும். அதனால் இன்னும் சேராமல் இருப்பவர்கள், முடிந்தால் 625-க்குக் குறையாத படிப்பாகத் தேர்ந்தெடுங்கள்.

கிளம்பும் முன் பள்ளிக்கு நேரில் போய், முத்திரை வைத்து ஒட்டிய உறையில் இரண்டு டிரான்ஸ்கிரிப்ட் வாங்குங்கள். பாடவாரியாக மணி நேரம் இருக்கிறதா என்று தனியாக ஒரு நகல் கேட்டுப் பாருங்கள். உறையை மட்டும் நீங்கள் பிரித்துவிடாதீர்கள்.